அந்த முகத்தை நான் பார்த்தேன்

1998-ஆம் வருஷம், மாசி மாதம். கோயம்புத்தூரில் குண்டுகள் வெடித்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அப்போது நாங்கள் குஜிலியம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தோம். மானாவாரி பூமி. கிணற்றில் தண்ணீர் வேண்டுமென்றால் பாறையைத்தான் உடைக்க வேண்டும். அந்தப் பாறையை உடைப்பதுதான் என் வீட்டுக்காரரின் தொழில். கம்ப்ரசர் வண்டியோடு போய், பாறையில் துளை போட்டு, தோட்டா என்று நாங்கள் சொல்லும் வெடிமருந்துக் குச்சியை உள்ளே வைத்து வெடிப்பார். வெடி வைக்கிற லைசென்ஸ், வண்டி முதலாளி பெயரில் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் என் வீட்டுக்காரர் வெடி வைத்த கிணறு இல்லாத தோட்டம் குறைவு.

அன்றைக்குக் காலையில் கம்பு தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் ஜீப் வந்து நின்றது. மூன்று நான்கு பேர் இறங்கினார்கள். யாரும் சீருடையில் இல்லை.

"கம்ப்ரசர் வேலை பாக்குறது நீதானே? தோட்டா விஷயமா ஒரு விசாரணை. செத்த நேரத்துல அனுப்பிருவோம்" என்றார் ஒருவர்.

என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். தட்டில் வைத்த தோசையைக்கூடத் தொடவில்லை. "வந்து சாப்புடுறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினார்.

சாயங்காலம் வரை வரவில்லை. வண்டி முதலாளியைத் தேடிப் போனால் அவர் வீடு பூட்டியிருந்தது. திண்டுக்கல்லில் தோட்டா விற்கும் கடையில் கணக்கு உதைக்கிறது, அங்கே வாங்கியவர்களையெல்லாம் அள்ளுகிறார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். கோயம்புத்தூரில் செத்துக் கிடந்தவர்களைப் பேப்பரில் பார்த்துவிட்டு இரண்டு நாளாக எல்லாரும் புலம்பிக்கொண்டிருந்தோம். அந்தப் படங்களிலிருந்து எங்கள் வீடுவரை ஒரு கோடு வந்துவிட்டது என்பதே எனக்குப் புரிபட நேரமாயிற்று.

மறுநாள் விடிந்ததும் மாமனாரும் நானும் எங்கள் பகுதிக் கட்சிப் பிரமுகரிடம் போனோம். எங்கள் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதியவர். தேர்தல் நேரம் என்பதால் வாசல் நிறையக் கூட்டம். எங்களைக் கொல்லைப் பக்கம் கூட்டிப் போய்ப் பேசினார்.

"வேற எந்தக் கேசுன்னாலும் நான் வந்து நிப்பேன், பெரியவரே. இது குண்டு கேசு. இன்னைக்கு நான் ஸ்டேஷன் படி ஏறுனா, நாளைக்கு எதிர்க்கட்சிக்காரன் மைக்குல என் பேரச் சொல்லுவான். புரிஞ்சுக்கங்க."

திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினோம். பாதி வழியில் ஒரு பிரசார வண்டி எங்கள் பஸ்ஸை மறித்துக்கொண்டு முன்னால் போனது. "இவனுகளுக்கு எதுக்குக் கோர்ட்டு? எதுக்கு வக்கீலு? நடுரோட்டுல நிக்க வச்சுச் சுட வேணாமா?" என்று ஸ்பீக்கர் கத்தியது. பஸ்ஸில் இருந்தவர்கள் "சுடணும், சுடணும்" என்றார்கள். மாமனார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எந்த ஸ்டேஷன் என்று நான் சொல்லப் போவதில்லை. வாசலில் இருந்த ஏட்டய்யா எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அப்படி யாரும் இங்க இல்ல."

"ஐயா, கம்ப்ரசர் வேலை பாக்குறவரு. நேத்துக் காலையில ஜீப்புல கூட்டியாந்தாங்க. கைப்பிள்ளக்காரி நானு. ஒரே ஒரு தடவை பாத்துட்டுப் போயிருறேன்" என்று நான் சத்தமாகவே அழுதேன்.

"யாரும் இல்லன்னு சொல்றேன்ல. போம்மா வெளிய."

பத்து மாதக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். நேரமாக ஆகப் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கனத்தது. ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, நிழலுக்காக ஸ்டேஷனின் பக்கவாட்டுக் காம்பவுண்டுச் சுவர் ஓரத்து மரத்தடியில் போய் நின்றேன். மாமனார் முன்வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சுவர் அங்கே இடுப்பளவுதான். அந்தப் பக்கம் ஒரு அடிகுழாய் இருந்தது. செத்த நேரத்தில் ஒரு காவலர் ஒரு பையனை வெளியே கூட்டி வந்து குடத்தைக் கையில் கொடுத்தார். பையன் என்றால் இருபத்தி மூன்று, இருபத்தி நாலு வயசு இருக்கும். சட்டை இல்லை. பனியன் தோள்பட்டையில் கிழிந்திருந்தது. இடது புருவத்தில் பழைய வெட்டுத் தழும்பு ஒன்று, புருவத்தையே இரண்டாகப் பிரித்தது போல. குனிந்து தண்ணீர் அடித்தான். காவலர் பீடி பற்ற வைக்கத் திரும்பினார்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. குழாயைப் பார்த்துக்கொண்டே, அடிக்கிற சத்தத்தோடு சத்தமாகச் சொன்னான்.

"அக்கா, கம்ப்ரசர்காரர் உள்ளதான் இருக்காரு. நல்லாருக்காரு. அழுவாதீங்க."

காவலர் பாய்ந்து வந்து அவன் பிடரியில் அறைந்தார். குடம் உருண்டது. "யார்ட்டடா பேசுற?" என்று மறுபடி ஒரு அறை. அவனை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எல்லாம் அரை நிமிஷம்கூட இருக்காது. ஆனால் எனக்கு மூச்சு வந்தது. ஆள் உயிரோடு இருக்கிறார், இங்கேதான் இருக்கிறார். எங்கோ கொண்டுபோய் ஏதாவது செய்துவிட்டார்களோ என்று முந்தின நாளிலிருந்து மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்ததை நான் மாமனாரிடம்கூடச் சொல்லவில்லை.

முன்பக்கம் ஓடி வந்து மாமனாரிடம் சொன்னேன். எதிர்ச்சாரியில் கறுப்பு புர்கா போட்ட ஒரு அக்கா நின்றிருந்தார். நாங்கள் வருவதற்கு முன்பிருந்தே அங்கேதான் நின்றார். நான் சொன்னதைக் கேட்டதும் கிட்டே வந்தார்.

"ஏம்மா, அந்தப் பையன் எப்படி இருந்தான்? புருவத்துல வெட்டு இருந்துச்சா?"

"ஆமாக்கா. இடது பக்கம்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "என் தம்பிம்மா அவன். மூணு நாளா இங்க இல்லன்னே சொல்றானுக."

திண்டுக்கல் பேகம்பூரைச் சேர்ந்தவர்கள். தம்பி ரேடியோ, டேப் ரெக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். கடையில் ஒயரும் பேட்டரியும் இருந்ததுதான் காரணம் என்று சொன்னார். ஒவ்வொரு டிசம்பரிலும் பாபர் மசூதி இடித்த நாள் வருவதற்குள் அவர்கள் தெருவில் பையன்களை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு போவது வழக்கமாம். அதனால் அவருக்குச் சில விஷயங்கள் தெரிந்திருந்தன. எங்களுக்கு ஒன்றுமே தெரியாது.

"தந்தி அடிச்சீங்களா?" என்றார்.

"எதுக்குக்கா தந்தி?"

"இன்ன நாள், இன்ன ஸ்டேஷன்ல என் புருஷனை வச்சிருக்காங்கன்னு மாஜிஸ்திரேட்டுக்கும் கலெக்டருக்கும் மெட்ராஸ் ஐகோர்ட்டுக்கும் தந்தி அடிக்கணும்மா. ஒரு நாளைக்கு மேல வச்சிருந்தா மாஜிஸ்திரேட்டு முன்னால நிறுத்தியே ஆகணும். பின்னாடி இவங்க வேற தேதி போட்டா, தந்தி பேசும். நானும் இத்தன நாளா அடிக்கல. ஆள் எந்த ஸ்டேஷன்ல இருக்கான்னு தெரிஞ்சாத்தானே அடிக்க? இப்பத் தெரிஞ்சுபோச்சு. எந்திரிங்க, வாங்க."

மாமனார் தயங்கினார். அவர்களோடு சேர்ந்து போனால் நம்மையும் சேர்த்துப் பேசுவார்களே என்று என் காதில் முணுமுணுத்தார். நான் அந்த அக்காவின் பின்னால் நடந்துவிட்டேன். தந்தி ஆபீஸில் இருந்தவர் வாசகத்தைப் படித்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். என் நெற்றியில் குங்குமம், அக்கா தலையில் முக்காடு. ஒன்றும் கேட்காமல் அனுப்பிவிட்டு ரசீது கொடுத்தார்.

அதற்கப்புறம் வக்கீல். முதலில் பார்த்த இரண்டு பேர் "இந்தக் கேசு வேணாம்மா" என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவதாகப் பார்த்தவர் வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை வழக்கு பார்க்கிறவர். எங்கள் கதையை முழுசாகக் கேட்டார்.

"குண்டு வச்சவன் யாரா இருந்தாலும் அவன் தண்டனை வாங்கணும், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சு இல்ல. ஆனா வச்சது யாருன்னு கோர்ட்டுலதானே தெரியணும்? வக்கீலே நிக்கலைன்னா எப்படித் தெரியும்?" என்றார். இரண்டு வழக்கையும் எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் அவர் ஆபீஸ் போர்டில் யாரோ தாரைப் பூசிவிட்டுப் போனார்கள்.

தந்தி போனதாலா, வக்கீல் போய் நின்றதாலா, இல்லை தோட்டாக் கடைக் கணக்கு நேராகிவிட்டதாலா என்று தெரியாது. நாலைந்து நாளில் என் வீட்டுக்காரரை விட்டுவிட்டார்கள். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். தானாகவே விசாரணைக்கு வந்ததாகவும், அன்றே திரும்பிப் போய்விட்டதாகவும் எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார்களாம். குழந்தையைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். உள்ளே நடந்ததைப் பற்றி ரொம்ப நாள் கழித்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "அந்தப் பையன் எனக்கும் சேத்து அடி வாங்கினான்."

பையனை விடவில்லை. நான் அவனை அடிகுழாயடியில் பார்த்து மூன்று நான்கு நாள் கழித்து, பஸ் ஸ்டாண்டில் வெடிபொருள் பையோடு பிடித்ததாக எழுதி ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள். பேப்பரில் அவன் படம் வந்தது. படத்திலும் அந்தப் புருவம் தெளிவாகத் தெரிந்தது.

வக்கீல் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "பிடிச்சதாச் சொல்ற நாளுக்கு முன்னாடியே அவனை ஸ்டேஷனுக்குள்ள பாத்த ஆளு, வெளியாள், நீங்க ஒருத்தர்தாம்மா. உங்க வீட்டுக்காரர் சொன்னா எடுபடாது, கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டிருவாங்க. சாட்சி சொல்வீங்களா?"

சொல்கிறேன் என்றுதான் சொன்னேன். ஆனால் பையன் தரப்புச் சாட்சியை விசாரிக்கிற முறை கடைசியில்தான் வரும், பொறுத்திருங்கள் என்றார். எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை. ஒரு வருஷம் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

ஐந்து வருஷம் ஆயிற்று.

ஜாமீன் கேட்கும்போதெல்லாம் மறுத்தார்கள். நடுவில் திண்டுக்கல் போகும்போது ஒன்றிரண்டு தடவை அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவர். கேசு என்று ஆன பிறகு வெளித்தெருக்காரர்கள் ரவிக்கைத் துணி கொண்டுவருவதை நிறுத்திவிட்டார்கள். ஒருநாள் கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார். "கோயம்புத்தூர்ல செத்தவங்க பிள்ளைகளை டிவியில பாத்தேன்மா. எனக்குச் சோறு இறங்கல. செஞ்சவன் நாசமாப் போவட்டும். ஆனா அதுக்கு என் தம்பி எப்படிம்மா ஈடாவான்?" கஞ்சியைக் குடித்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் வெடி வேலையை விட்டுவிட்டார். இருந்த நிலத்தில் முருங்கை போட்டார். அதற்குள் நாடாளுமன்றத்தில் தாக்குதல் நடந்து, தீவிரவாதத்தைத் தடுக்கவென்று பொடா சட்டம் வந்து, மறுபடியும் எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. அந்த நேரம் பார்த்துத்தான் எனக்குச் சம்மன் வந்தது.

மாமனார் ஒரேயடியாகக் குதித்தார். "ஏத்தா, அவுங்களுக்காக நீ எதுக்குக் கூண்டுல ஏறணும்? நம்ம பய வந்துட்டான்ல? திரும்பவும் ஜீப்பு வாசல்ல வந்து நிக்கணுமா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தப் பயம் எனக்கும் இருந்தது. வாசலில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் அந்த ஐந்து வருஷமும் ஓடிப்போய் எட்டிப் பார்த்திருக்கிறேன். சம்மன் வந்த மூன்றாம் நாள் போலீஸ் வெட்டு முடியோடு வெள்ளைச்சட்டைக்காரர் ஒருவர் வந்தார். மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை.

"ஏம்மா, அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி பாத்த முகம் உனக்கு ஞாபகம் இருக்கா? நல்லா யோசிச்சுக்க. இப்பச் சட்டம் மாறியிருக்கு. தீவிரவாதிக்கு ஒத்தாசை பண்ணாலும் உள்ளதான். பிள்ளை பள்ளிக்கூடம் போகுதுல்ல?"

போய்விட்டார். நான் அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். பிள்ளையை ஏன் கேட்டார்? வேண்டாம், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. என் வீட்டுக்காரர் முருங்கைக்காய்க் கட்டை இறக்கி வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். அவர் அப்பா கத்தியதும் அவருக்குத் தெரியும், மோட்டார் சைக்கிள் வந்ததும் தெரியும்.

"உனக்குப் பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும்தான் இருக்கு. நான் போய்ச் சொல்லலாம்னா என் கையெழுத்தே என் வாய அடைச்சுப்போட்டுது. நீ போ. நானும் கூட வாரேன். வெளிய நிப்பேன்."

அவ்வளவுதான் பேசினார்.

கோர்ட்டில் என்னைக் கூப்பிட்டபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. நீதிபதி தண்ணீர் கொடுக்கச் சொன்னார். "பயப்படாமச் சொல்லுங்கம்மா, பாத்ததை மட்டும் சொல்லுங்க" என்றார். எதிரே அந்தப் பையன் நின்றிருந்தான். இல்லை, பையன் இல்லை. தலை முன்பக்கம் கொட்டி, உடம்பு ஒடுங்கிப் போயிருந்தது. என்னைப் பார்த்தான். என்னை யாரென்று தெரிந்தது போல அவன் முகத்தில் ஒன்றும் இல்லை.

நடந்ததைச் சொன்னேன். அரசு வக்கீல் எழுந்தார்.

"உங்க வீட்டுக்காரரையும் வெடிபொருள் விஷயத்துல விசாரிச்சாங்கதானே?"

"ஆமாங்கய்யா."

"அந்தக் கோபத்துல போலீஸ் மேல பொய் சொல்றீங்க."

"கோபம் இருக்குங்கய்யா. பொய் சொல்லலை."

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். அவர் விடவில்லை. "அரை நிமிஷம் பாத்ததாச் சொல்றீங்க. முன்னப் பின்ன தெரியாத ஆளு. பேப்பர்ல வந்த படத்தைப் பாத்துட்டு வந்து சொல்றீங்க. சரிதானே?"

"படம் பேப்பர்ல வர்றதுக்கு முன்னாடியே அவங்க அக்காகிட்டப் புருவத்துல வெட்டு இருக்குன்னு சொன்னேன். அன்னைக்கே ரெண்டு பேரும் போய்த் தந்தி அடிச்சோம். தந்தியில தேதி இருக்கு, ஸ்டேஷன் பேரு இருக்கு." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டேன். "என் வீட்டுக்காரரு உசுரோட இருக்காருன்னு எனக்கு மொதமொதல்ல சொன்ன ஆளுங்கய்யா அவரு. அதுக்காக என் கண்ணு முன்னால அறை வாங்குனாரு. அந்த முகம் எனக்கு எப்படிங்கய்யா மறக்கும்?"

அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நான் வெளியே வந்தபோது என் வீட்டுக்காரர் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். அதற்குப் பிறகு தீர்ப்பு வரும்வரை ஒவ்வொரு நாளும் பிள்ளையைப் பள்ளிக்கூட வாசல் வரை நானே கொண்டுபோய் விட்டு, நானே கூட்டி வந்தேன். யாரும் எதுவும் செய்யவில்லை. ஆனாலும் தனியாக விடுவதற்கு மனசு வரவில்லை.

சில மாதம் கழித்துப் பையனுக்கு விடுதலை ஆயிற்று. பிடித்ததாகச் சொன்ன நாளும் இடமும் நம்பும்படி இல்லை என்று நீதிபதி எழுதியிருந்ததாக வக்கீல் சொன்னார். அந்த அக்கா போனில் அழுதார். என்ன சொன்னார் என்று பாதி புரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவும் தம்பியும் எங்கள் ஊருக்கு வந்தார்கள். மாமனார் எழுந்து வந்து, அவரே கட்டிலைத் தட்டிப் போட்டார். சாப்பாடு போட்டேன். என் வீட்டுக்காரரும் அந்தப் பையனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். குழம்பு ஊற்றும்போது நான் கேட்டேன். "தம்பி, அன்னைக்கு அந்தப் போலீஸ் ஆளு பக்கத்துல நிக்கும்போதே எப்படிப்பா எங்கிட்டப் பேசுன?"

அவர் கூச்சத்தோடு சொன்னார். "உண்மையச் சொன்னா எனக்கு அது ஞாபகமே இல்லக்கா. அங்க அடி வாங்கினது எத்தனையோ. அதுல அது எந்த அடின்னு தெரியல. கோர்ட்டுல நீங்க சொல்லும்போதுதான், நான் அப்படி ஒண்ணு செஞ்சிருக்கேன்னு எனக்கே தெரிஞ்சுச்சு."

அக்கா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

தம்பியால் கடையைத் திரும்பத் திறக்க முடியவில்லை. ஊரும் பழைய மாதிரி அவரோடு பழகவில்லை. திருப்பூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டார். போன அந்த ஐந்து வருஷத்துக்கு யாரும் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்ததாக நான் கேள்விப்படவில்லை.

இப்போதும் எங்காவது குண்டு வெடித்தது என்று செய்தி வந்தால், செத்தவர்கள் வீட்டை நினைத்து முதலில் துக்கம் வருகிறது. கொஞ்ச நேரத்தில், இன்று காலையில் யார் வீட்டிலிருந்து யாரைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்களோ என்ற பதற்றமும் வந்துவிடுகிறது. இந்த இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எந்த மேடையில் யார் சொன்னாலும், இரண்டுக்கும் இந்த ஒரே மனசில் இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.